எல்லைக்கோட்டின் அகலம்

முதலில் மஞ்சள்தான் வந்தது. தைப்பொங்கல் கழிந்து நாலாம் நாள், வெயில் ஏறி ஒன்பது மணியிருக்கும், நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன், கடற்கரைப் பக்கமிருந்து ஆரோ மெல்லிய சீலையொன்றை இழுத்துக்கொண்டு வருவதுபோல ஒரு மஞ்சள் வந்து, வேலியைத் தாண்டி, கிணற்றுக்கட்டைத் தாண்டி, காயப்போட்ட வெள்ளைச் சேட்டின் மேலும் என் கைகளின் மேலும் விழுந்து, அப்படியே எங்கள் ஆத்திமுனை முழுவதையும் மூடிக்கொண்டது. ஒருவரும் பயப்படவில்லை. எங்கள் பகுதிக்குத் தன்னாட்சி கொடுத்து ஒப்பந்தம் எழுதியாகிவிட்டது, புதுத் தேசப்படம் கீறுகிறார்கள், படத்தில் எங்களுக்கு மஞ்சள் நிறம் என்று றேடியோ ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. படம் அச்சில் ஏறிவிட்டது, அதுதான் நிறம் இறங்கியிருக்கிறது என்று எல்லோரும் விளங்கிக்கொண்டார்கள். பால் காய்ச்சினார்கள், வெடி கொளுத்தினார்கள். என் வீட்டுக்காரரின் தமக்கை இராசமலர் மச்சாள், மஞ்சளாகிப்போன தன் வெள்ளைப் பசுவின் கழுத்தில் மாலை போட்டுவிட்டு, "இனி நாங்கள் சொல்றதுதானடி சட்டம். முதல் சட்டம், நீ குழம்புக்கு உப்பைக் குறைச்சுப் போடவேணும்" என்றாள்.

மூன்றாம் நாள் விடியக் கோடுகள் வந்தன. வடகிழக்கு மூலையில் தொடங்கித் தென்மேற்கு மூலைக்குச் சரிந்து, இரண்டு விரல் இடைவெளிக்கு ஒன்றாக, கறுத்த மெல்லிய கோடுகள், கூரையிலும் விழுந்தன, கூரைக்குக் கீழே பாயிலும் விழுந்தன, உலையில் கொதிக்கிற கஞ்சியிலும் விழுந்தன, அகப்பையால் கலக்கினால் கலைந்து, கஞ்சி அடங்க மறுபடி நேராகி நின்றன. ஆட்களின் மேலும் விழுந்தன. தேசிக்காய் போட்டு உரஞ்சினோம், மண்ணெண்ணெய் போட்டு உரஞ்சினோம், தோல்தான் எரிந்தது. ஆள் எந்தப் பக்கம் திரும்பினாலும் கோடு திரும்பாது, யன்னல் கம்பியின் நிழலுக்குள் நிற்கிறவன் போல அவன்தான் கோட்டுக்குள் திரும்புவான். மேலிருந்து விழுகிற கோடு அது. பாயில் மல்லாந்து கிடக்கிறவனின் நெஞ்சில் விழும், அவன் குப்புறப் பிரண்டால் அடுத்த மூச்சில் முதுகில் விழும்.

கிராம அலுவலர் அருளம்பலத்தை நாங்கள் இன்னும் விதானையார் என்றுதான் சொல்வோம். அவர் புதுப் படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து சங்கக்கடைச் சுவரில் ஒட்டினார். சனம் சுற்றி நின்றது, நான் கதவு நிலைக்குப் பின்னால் நின்றேன். படத்தின் மூலையில் ஒரு பெட்டி இருந்தது. விதானையார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்: மஞ்சள், தன்னாட்சிப் பகுதி. மஞ்சளின் மேல் சாய்கோடு, தன்னாட்சிப் பகுதியில் தற்போது படையினர் வசமுள்ள நிலம்.

"அப்ப எங்களுக்குத் தன்னாட்சி கிடைச்சிருக்கோ இல்லையோ?" என்று கேட்டார் சங்கக்கடை மனேச்சர்.

"கிடைச்சிருக்கு. மஞ்சள் நிக்குதெல்லோ."

"கோடு?"

"கோட்டுக்குக் கீழதான் மஞ்சள் நிக்குது."

"அதுவும் நல்லதுதான்" என்றாள் மச்சாள். "மழைக்கு நனையாது."

எல்லோரும் சிரித்தார்கள், சிரிக்கும்போது பல்லிலும் கோடு தெரிந்தது, அதைக் கண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

ஆனாலும் சனம் எதற்கும் பழகிவிடும். ஒரு கிழமைக்குள் பாய்களைக் கோட்டோடு ஒட்டிச் சரித்துப் போடப் பழகினோம், இல்லாவிட்டால் படுத்தவருக்குத் தலை சுற்றியது. உழுகிறவர்கள் கோட்டிலே உழுதார்கள், சால் நேராக வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் எழுத்து எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தது, வாத்தியாரும் சாய்ந்த எழுத்துக்கே புள்ளி போட்டார். கலியாணம் பேச வந்த தரகர்கள் சாதகத்துக்கு முதல், பொம்பிளை கோட்டு நிலமோ கோடில்லாத நிலமோ என்று கேட்டார்கள். ஊரை விட்டுச் சந்தைக்குப் போகிறவர்களின் மேலிருந்த கோடு எல்லையில் நழுவி விழுந்தது, திரும்பி வர மறுபடி ஏறியது. வெளியிலிருந்து வந்த சாமானோ ஆளோ மூன்றாம் நாள் விடியக் கோடு வாங்கிவிடும், அது கணக்கு. அந்தக் கணக்கைச் சென்றிக் காவலில் நின்ற ஆமிக்காரர் எங்களை விட நன்றாகப் படித்துவைத்திருந்தார்கள்.

காப்பு விற்கிற ஒருவர் வந்து கோயில் மடத்தில் தங்கியிருந்தார். காய்ச்சல் என்று படுத்தவருக்கு மூன்றாம் நாளும் கோடு விழவில்லை, நாலாம் நாளும் விழவில்லை, ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் ஒரு ட்ரக் வந்தது. கோட்டு நிலத்தில் கோடில்லாத ஆள் வேற்றிடத்து ஆள், அவரை அவர் இடத்துக்கு அனுப்புகிறோம் என்று சொன்னார்கள். எந்த இடம் என்று சொல்லவில்லை. அவருடைய கண்ணாடிக் காப்புப் பெட்டி ஏழு நாள் மடத்து வாசலில் கிடந்தது, ஒரு குமர்ப்பிள்ளைகூட அதைத் தொடவில்லை.

மாசி மாதம் ஒரு மத்தியானம் எனக்குப் பிள்ளை பிறந்தது. மிட்வைஃப் பிலோமினா மிஸ்ஸி பிள்ளையைத் தூக்கித் துடைத்தார். துடைத்தார், துடைத்தார், பிறகு யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார், பிறகு யன்னலைச் சாத்தினார். மிஸ்ஸியின் கையில் கோடு இருந்தது, பிள்ளையைச் சுற்றின சீலையில் கோடு இருந்தது, பிள்ளையின் மேல் மஞ்சளும் இல்லை, கோடும் இல்லை. ஒன்றும் எழுதாத கொப்பித்தாள் மாதிரிக் கிடந்து அழுதாள்.

"படம் கீறேக்க இவள் உள்ளுக்க இருந்திட்டாள்" என்றார் மிஸ்ஸி மெல்ல. "கீறினவை காணேல்லை."

நான் காப்புப் பெட்டியை நினைத்தேன். எனக்குப் பால் வரவில்லை, இரண்டு நாள் வரவில்லை.

துடக்கு, பிள்ளை பெற்ற வீட்டுத் தீட்டு, எங்களைக் காப்பாற்றியது. முப்பத்தொரு நாளைக்குத் துடக்கு வீட்டுக்குள் ஒருவரும் வரமாட்டார்கள் என்பது ஆமிக்கும் தெரியும், அவர்களும் படலையோடு நின்றுகொண்டு, "பேபி? கேர்ள்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மூன்று விடியலும் போய், பத்தும் போய், இருபதும் போனது, கோடு விழவில்லை. முப்பத்தோராம் நாள் தலைமயிர் வழிக்க ஆள் வரும், மாற்றுச் சீலை கொண்டுவர ஆள் வரும், அயலட்டம் வரும். முப்பதாம் நாள் மத்தியானம் பிள்ளைக்கு மஞ்சள் அரைத்துப் பூசிவிட்டு, கன்னத்தில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். பச்சரிசியைக் கறுக வறுத்துக் காய்ச்சிச் சிரட்டையில் காயவைத்த பொட்டு, தண்ணீர் தொட்டு உரைத்தால் மையாக வரும். விரலைக் கன்னத்திலிருந்து எடுக்காமல் அப்படியே கீழே இழுத்தேன். ஒரு கோடு வந்தது.

மச்சாள் வந்து பார்த்தாள். "என்னடி இது, வரிக்குதிரைக்குப் பிறந்தது மாதிரிக் கீறி வைச்சிருக்கிறாய். கோணல், எல்லாம் கோணல்." சொல்லிவிட்டு வெளியே போய்த் தென்னோலையில் ஒரு ஈர்க்கு உருவிக்கொண்டு வந்து, பக்கத்தில் குந்தி, ஈர்க்கை வைத்து நேர் பார்த்து, நெற்றியிலிருந்து காற்பெருவிரல் வரைக்கும் அவளே கீறி முடித்தாள். தலையைக் கிழக்கே வைத்துக் கிடத்தினோம். பாயின் கோடும் பிள்ளையின் கோடும் ஒன்றோடொன்று பொருந்தின.

"முதுகுக்கு?" என்றாள்.

"முதுகில பூசினால் கிடக்கிற பிள்ளைக்கு எல்லாம் அப்பிக்கொண்டு போயிடும், மச்சாள்."

"சரி விடு. முதுகைப் பாத்தோ ஆமி பிள்ளையை மதிக்கப் போறான்."

அப்படித்தான் சிந்துசா என்று பெயர் வைத்த பிள்ளை ஊருக்குள் வந்தாள். விடியக் காலையில் எழும்பி மஞ்சள் பூசிக் கீறுவேன், குளிப்பாட்டினால் அழியும், திரும்பக் கீறுவேன், தூக்கிக்கொண்டு ஒழுங்கையில் போகும்போது ஒழுங்கை வளைகிற இடமெல்லாம் அவள் தலையைக் கிழக்கே திருப்பிப் பிடிப்பேன். ஊருக்குத் தெரியும். ஒருவரும் தெரியும் என்று சொல்லவில்லை. கடையில் பொட்டரிசி வாங்கப் போனால் மனேச்சர் ஒரு சுண்டு கூடப் போட்டுவிட்டு வேறெங்கோ பார்ப்பார். என்னவர் குணபாலன் களப்பிலிருந்து வந்ததும் வலையைக்கூட உதறாமல் முதலில் வந்து பிள்ளையின் கோட்டைத்தான் பார்ப்பார்.

மூன்று மாதம் முடிந்தது. மற்றத் தாய்மார் பிள்ளை எப்போது குப்புறப் பிரளும் என்று பார்த்திருப்பார்கள், பிரண்டால் சர்க்கரை வாங்கிக் கொடுப்பார்கள். நான் இரண்டு பக்கமும் தலையணை வைத்து, "பிரளாதை ராசாத்தி, அம்மாவுக்காக இன்னும் கொஞ்ச நாளைக்குப் பிரளாதை" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, காலைக் காலை உதைத்துக்கொண்டு, கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை, தலைநகரத்தில் படம் கீறுகிற கந்தோரிலிருந்து ஒரு ஐயா வந்திறங்கினார். படம் நிலத்தைப் போல இருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தோம். நிலம் படத்தைப் போல இருக்கிறதா என்று பார்க்க வந்திருந்தார். எல்லோரும் பள்ளிக்கூட வளவுக்கு வரவேண்டும், கைக்குழந்தையையும் கொண்டுவரவேண்டும், உடுப்பில் விழுந்த கோடு செல்லாது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அன்று விடியவே முதுகிலும் கீறினேன், கிடத்தினால் கறுத்த திட்டாக அப்பிக்கொண்டது, கழுவினேன், திரும்பக் கீறுவதற்குள் எங்கள் வீட்டு இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்த ஐயா புத்தகத்தில் தமிழ் படித்தவர். கோபம் இல்லாத முகம். ஒவ்வொருவரையும் ஒருமுறை சுற்றித் திரும்பச் சொல்லிப் பார்த்து, நன்றி சொல்லி அனுப்பினார். என் முறை வந்ததும், "தயவுசெய்து குழந்தையின் சட்டையைக் கழற்றி மேசையில் கிடத்தவும், அம்மா" என்றார்.

கிழக்குப் பார்த்துக் கிடத்தினேன். மேசையின் கோடும் பிள்ளையின் கோடும் பொருந்தி நின்றன. ஐயா குனிந்து பார்த்தார், பேனையை எடுத்தார், பெயரை எழுதினார், ஊரை எழுதினார். பின்னால் மச்சாள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அப்போது சிந்துசா ஐயாவின் பேனை மூடியைப் பார்த்தாள். ஒரு கையை நீட்டினாள். ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின் மேல் போட்டாள், முக்கினாள், பிறந்த நாளிலிருந்து ஒருநாளும் செய்யாததைச் செய்தாள், குப்புறப் பிரண்டு, தலையை நிமிர்த்தி, வளவில் நின்ற சனம் முழுவதையும் பார்த்துச் சிரித்தாள்.

ஒரு கோடும் இல்லாத முதுகு மேசையில் கிடந்தது. எல்லோரும் அடுத்த மூச்சுக்காகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஐயாவும் பார்த்துக்கொண்டு நின்றார், அடுத்த மூச்சு வந்தது, அதற்கடுத்ததும் வந்தது, முதுகில் ஒன்றும் விழவில்லை. அவர் கைலேஞ்சியைத் தண்ணீரில் நனைத்துப் பிள்ளையின் தோளில் ஒரு கோட்டைத் துடைத்தார், லேஞ்சி கறுத்தது.

"இக்குழந்தை இந்த நிலத்துக்கு உரியதல்ல" என்றார். "சாய்கோடு இல்லாத தன்னாட்சிப் பகுதியில் ஒப்படைக்கப்படும்."

நான் ஒருநாளும் வெளியாட்களோடு கதைத்தவள் இல்லை. "நானும் போறன்" என்றேன். திரும்பச் சொன்னேன். "ஐயா, நானும் போறன்."

"உங்களுக்குக் கோடு உண்டு, அம்மா. உங்கள் இடம் இது."

"எனக்கு விழுந்தது பிழையெண்டு எழுதுங்கோ."

"கோடு பிழையாவதில்லை. ஆட்கள்தான் பிழையான இடத்தில் நிற்கிறார்கள்."

மச்சாள் கத்தினாள். "பால்குடி மறக்காத பிள்ளையடா! உங்கட படத்தில முலை கீறியிருக்கோ?" என்னவரை இரண்டு ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கையைத்தான் பிடித்தார்கள், வாயைப் பிடிக்கவில்லை, ஆனால் அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "நகுலா, பிள்ளையை விட்டுடாதை."

எல்லை வரைக்கும் நானே தூக்கிக்கொண்டு போகலாம், அங்கே கொடுத்துவிட்டுத் திரும்பவேண்டும் என்று ஐயா விட்டுக்கொடுத்தார். அவர் இரக்கமுள்ளவர் என்று பிறகு பலர் சொன்னார்கள்.

அதற்கு முதல் நான் எல்லையைக் கண்டதில்லை. படத்தில் அது ஒரு பேனைக்கோடு. ஆனால் படத்தில் ஒரு விரல் நீளம் நிலத்தில் பத்துக் கட்டைத் தூரம் என்றால், பேனைக்கோட்டுக்கும் ஒரு அகலம் இருக்கத்தானே வேண்டும், அதை அவர்கள் நினைக்கவில்லை. நிலத்தில் அது நாற்பது பாகம், இருகை விரித்த நீளத்தில் நாற்பது, அகலத்துக்குக் கறுப்பாகக் கிடந்தது. கறுத்த மண், கறுத்த புல்லு, ஒரு பாலை மரம் அடியிலிருந்து நுனி வரைக்கும் கறுப்பு. இந்தக் கரையில் ஆமி. அந்தக் கரையில் கோடில்லாத மஞ்சள், அதில் எங்கள் தன்னாட்சிக் கந்தோரின் உத்தியோகத்தர் ஒரு அக்கா குடையும் பதிவுக் கோவையுமாக நின்றார். சீருடையோ கோவையோ உள்ள ஒருவரும் கறுப்புக்குள் கால் வைக்கக்கூடாது, வைத்தால் ஒப்பந்தம் முறிந்துவிடும். அதனால் என்னைத் தனியே நடக்கவிட்டார்கள்.

நடந்தேன். பத்து அடி போனதும் என் கையைப் பார்த்தேன், மஞ்சளும் இல்லை, கோடும் இல்லை, கை கறுத்துப் போயிருந்தது. பிள்ளை மட்டும் கறுக்கவில்லை. நடுவுக்கு வந்ததும் அந்த அக்கா கரையில் நின்றபடி கையை நீட்டிக் கூப்பிட்டார்.

"தாங்கோ தங்கச்சி. நாங்கள் நல்லாப் பாப்பம்."

"நானும் வரட்டே அக்கா?"

அவர் கோவையைப் பார்த்தார். "உங்களுக்கு எங்கட பக்கம் பதிவில்லை. கோட்டுப் பகுதி ஆளெண்டு கிடக்கு. நாங்கள் எடுத்தால் அந்த நிலத்தை அவைக்கு விட்டுக்குடுத்ததா வந்திடும்."

எங்கள் ஆட்கள்தான், எங்கள் தமிழ்தான். திரும்பிப் பார்த்தேன், துவக்குகள் நின்றன. முன்னால் பார்த்தேன், கை நீண்டுகொண்டிருந்தது. பாலை மரத்தடியில் இருந்து, சட்டையைத் தளர்த்திப் பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தொடங்கினேன். குடித்து முடிந்ததும் எழும்புவேன் என்று இரண்டு பக்கமும் காத்திருந்தது. நான் எழும்பவில்லை. பொழுதுபட்டது, எழும்பவில்லை. ஆமிக்காரன் வெருட்டினான், அக்கா அழுதார், இரண்டு பக்கமும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டார்கள், கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் நாங்கள் அங்கே குடியிருந்துவிட்டோம்.

ஐந்து மாதம் இருந்தோம். கறுப்புக்குள் கால் வைக்க ஊர்ச்சனத்தை ஆமி விடவில்லை, என்னவர் கரையில் நின்று கிழமையில் இரண்டு நாள் அரிசியும் கருவாடும் பொட்டலம் கட்டி எறிவார், தார்ப்பாய் எறிந்தார், வாளியில் கயிறு கட்டித் தண்ணீர் தள்ளுவார். அந்தப் பக்கத்து அக்கா பால்மாத் தகரப் பேணியை ஒருவரும் பாராத நேரம் காலால் உருட்டிவிடுவார். மச்சாள் கரையில் நின்று ஊர்க்கதையெல்லாம் கத்துவாள். "என்னடி கோட்டு மகாராணி, உன்ர நாட்டில இண்டைக்கு என்ன கறி?" என்பாள், கேட்டுவிட்டு மூக்கைச் சீறுவாள். சிரிப்பேன். ஆனால் ஒருநாளும் பயம் விட்டதில்லை, பிள்ளை எந்தக் கரையைத் தாண்டினாலும் பிடித்துக்கொள்வார்கள். பிள்ளை தவழ்ந்த நாளிலிருந்து என் சீலைத் தலைப்பைக் கிழித்து அவள் இடுப்பில் ஒரு முனையும் என் இடுப்பில் ஒரு முனையுமாகக் கட்டிவைத்தேன்.

கார்த்திகையில் விதானையார் கரையில் வந்து நின்று ஒரு கடதாசியை வாசித்தார். "படம் இரண்டாம் பதிப்புப் போடினமாம், பிள்ளை. எல்லைக்கோடு தடிப்பாப் போச்சுதாம். மெல்லிசாக்கப் போகினமாம்."

"எவ்வளவு மெல்லிசு?"

"அது எழுதேல்லை."

பத்து நாளில் கண்டேன். விடிய எழும்பும்போது பாலை மரத்தின் ஒரு கொப்பு மஞ்சளாக நின்றது. மறுநாள் மரம் பாதி. இந்தப் பக்கத்துக் கோடுகளும் புல்லின் மேல் ஊர்ந்து வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு காலையும் கரையிலிருந்து கரைக்கு அடி வைத்து அளந்தேன். முப்பது அடி. இருபத்தாறு. பதினேழு. அளக்காமல் விட்டால் நின்றுவிடுமோ என்று இரண்டு நாள் அளக்காமல் இருந்தும் பார்த்தேன்.

இன்று காலை பதினொன்று.

வெயில் ஏறினதும் இவரும் மச்சாளும் ஊர்க்கரைக்கு வந்தார்கள். முன்பு கத்தினால்தான் கேட்கும், இன்று சும்மா கதைத்தாலே கேட்டது. அக்காவும் மற்றக் கரையில் கோவையோடு நின்றார். சிந்துசா பால்மாப் பேணியைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். அது தினமும் செய்கிறதுதான். பிறகு பேணியை விட்டாள். ஒரு அடி வைத்தாள். ஆடினாள், விழவில்லை. இன்னொரு அடி வைத்தாள்.

"ஐயோ, நடக்கிறாளடா! குணபாலா, உன்ர மோள் நடக்கிறாள்!" என்று மச்சாள் கையைத் தட்டினாள். இவரும் தட்டினார், கண்ணீரோடு தட்டினார். கோவையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அக்காவும் தட்டத் தொடங்கினார். சென்றிக்குள் ஒரு ஆமிக்காரன்கூடத் தட்டினான். பிள்ளை நின்றாள். இந்தப் பக்கத்துச் சத்தத்தைப் பார்த்தாள், அந்தப் பக்கத்துச் சத்தத்தைப் பார்த்தாள், எல்லோரும் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று விளங்கி வாயெல்லாம் சிரிப்பாக மூன்றாம் அடியை வைத்தாள், நாலாம் அடியை வைத்தாள்.

"கை தட்டாதேங்கோ!" என்று கத்தினேன். அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. "ஒருத்தரும் கை தட்டாதேங்கோ! கூப்பிடாதேங்கோ பிள்ளையை!"

ஒருவருக்கும் கேட்கவில்லை. அவள் ஐந்தாம் அடிக்குக் காலைத் தூக்கினாள். நான் சீலைத் தலைப்பைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தேன், இன்னொரு சுற்றுச் சுற்றிப் பிடித்தேன்.